சுமைதாங்கிக் கல்லும் நாமும்

(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில், மாலைத் திருப்பலிக்குப் பின் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வில் பிறரன்பு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன் பேசியவர்கள் கோவில் கட்டிய வரலாற்றைச் சொன்னார்கள். மணிக்கூண்டு எழுந்த கதையைச் சொன்னார்கள். அவற்றுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது. உதவியவர் பெயரும் தொகையும் இருக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் ஒரு குழல்விளக்கு கொடுத்தால்கூட அதன்மேல் "உபயம்" என்று எழுதி, எழுத்தே பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். நான் பேச வந்த காரியங்களுக்கு உபயதாரர் பட்டியல் கிடையாது. செய்தவரே அநேகமாக மறந்துபோயிருப்பார். ஆனால் ஒரு பங்கு ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு பிரியாமல் நிற்பதற்கு மணிக்கூண்டைவிட இவையே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சிறுவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நிமிர்த்தி நட்ட இரண்டு கற்கள்; அவற்றின்மேல் படுக்கையாக ஒரு நீளக்கல். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இதை நட்டுவைப்பது வழக்கம். சில கற்களில் அவளுடைய பெயர்கூட வெட்டப்பட்டிருக்கும். சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்ற துக்கம் அவர்களுக்கு. அந்தத் துக்கத்தை அழுது தீர்த்ததோடு நில்லாமல், முன்பின் தெரியாதவர்களின் தலைச்சுமையை இறக்குகிற கல்லாக அதை ஆக்கிவைத்தார்கள்.

அந்தக் கல்லின் உயரத்தை எப்போதாவது கவனித்தீர்களா? தலையில் சுமந்தவர்களுக்கு அது புரியும். விறகுக்கட்டோ, நெல்மூட்டையோ, மீன்கூடையோ, கனத்த சுமையைத் தனி ஆளாகத் தரையில் இறக்குவது கடினம். இறக்கிவிட்டால் மறுபடி தூக்குவது அதைவிடக் கடினம். "அண்ணாச்சி, ஒரு கை கொடுங்க" என்று வழியில் வருகிறவரைக் கேட்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத வெயில் நேரத்தில் யாரைக் கேட்பது? கல்லைத் தாழ்வாகப் போட்டிருந்தால் உட்காரலாம். சுமையை இறக்க முடியாது. மிக உயர்த்தி வைத்திருந்தாலும் பயனில்லை. நின்றபடியே தலையைச் சற்றுச் சாய்த்துச் சுமையைத் தள்ளினால் கல்லின்மேல் போய் அமரும். இளைப்பாறியபின் அதே மாதிரி தலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த உயரத்தில் வைத்தார்கள். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நட்டவர் அங்கே நிற்பதும் இல்லை. ஆகையால் நன்றி சொல்லித் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

வெயிலில் சுமையோடு போகிறவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொன்னவர்கள் அந்தப் பாதையில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இரக்கப்படுவது எளிது; அது தும்மல்போலத் தானாக வரும், தானாகப் போகும். ஒருவர்தான் அவளுடைய தோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசித்தார். நான் இன்று சொல்ல வந்தது இந்த யோசனையைப் பற்றித்தான். பிறரன்பு என்பது மனம் இளகுவதோடு முடிகிற விஷயமல்ல. மற்றவருக்கு என்ன தேவை, எவ்வளவு தேவை, எந்த நேரத்தில் தேவை என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அவர் கேட்குமுன், அவர் சிறுமைப்படாதபடி செய்துவைப்பது.

நற்செய்தியை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். யாயிர் என்ற தொழுகைக்கூடத் தலைவரின் பன்னிரண்டு வயது மகள் இறந்துவிட்டாள். இயேசு அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். வீட்டிலுள்ளவர்கள் திகைத்துப்போய் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஆண்டவர் என்ன சொன்னார் என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார்: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றார். சாவை வென்ற அற்புதத்துக்கு நடுவில், பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். பெற்ற தாய்க்கும் அது தோன்றவில்லை!

கடற்கரைக் காட்சியும் அப்படித்தான். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரம் வருகிறார். சீடர்கள் இரவு முழுவதும் வலைபோட்டு ஒன்றும் கிடைக்காமல் கிடக்கிறார்கள். அவருடைய சொற்படி வலை வீசி, 153 பெரிய மீன்களைப் பிடித்துக் கரைக்கு வருகிறார்கள். வந்து பார்த்தால், அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். தம்மை மூன்றுமுறை மறுதலித்த பேதுருவிடம் அவர் பேசவேண்டிய பேச்சு இருந்தது. அதைச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கவில்லை. கடலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கரையேறுகிறவனிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பது மீனவக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது சிறுமலரிடம் வருவோம். புனித குழந்தை தெரேசம்மாளின் சுருபம் இல்லாத கோவில் நம் பக்கத்தில் அரிது. கையில் சிலுவையும் ரோஜாப் பூக்களும் இருக்கும். அந்த ரோஜாக்கள் அவளை நமக்குக் கொஞ்சம் அந்நியமாக்கிவிட்டனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏதோ பூப்போன்ற சாதுவான பெண் என்று நினைத்துவிடுகிறோம். பிரான்சு நாட்டில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 1888இல் பதினைந்து வயதில் சேர்ந்தாள். 1897 செப்டம்பர் 30ஆம் நாள், இருபத்து நான்கு வயதில், காசநோயால் இறந்தாள். மடத்தைவிட்டு வெளியே போகவில்லை. பள்ளியோ மருத்துவமனையோ நிறுவவில்லை. 1925இல் புனிதர் பட்டம் பெற்றாள். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவளைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அகுஸ்தினாரும் தாமஸ் அக்குவினாரும் இருக்கிற வரிசை அது. இவள் அங்கே போய் உட்கார என்ன செய்தாள்?

அவளே எழுதியிருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். மடத்தில் வயதான சகோதரி ஒருவர் இருந்தார். புனித இராயப்பரின் பெயரைத் தாங்கியவர். நோயினால் நடக்க முடியாது, கைகளும் முடங்கியவை. மாலைத் தியானத்தின்போது, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அவரைச் சிற்றாலயத்திலிருந்து உணவறைக்கு யாராவது கூட்டிப்போக வேண்டும். அந்த அம்மாளைத் திருப்திப்படுத்துவது லேசான காரியமல்ல என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசம்மாள் தானாகவே போய், நான் கூட்டிப்போகிறேன் என்றாள்.

தினமும் அந்த நேரம் வந்ததும் மூதாட்டி தம் மணற்கடிகாரத்தை எடுத்து ஆட்டுவார். கிளம்பு என்று அர்த்தம். உடனே எழுந்து, அவருடைய முக்காலியை அவர் சொல்கிற விதமாகத் தூக்கிக்கொண்டு, பின்னாலிருந்து அவருடைய இடுப்புக் கச்சையைப் பிடித்தபடி நடக்க வேண்டும். வேகமாக நடந்தால், விழுந்துவிடுவேன் என்று கோபம். மெதுவாக நடந்தால், உன் கை என்மேல் இருக்கிறதா இல்லையா என்று கோபம். என்னைக் கூட்டிப்போக இந்தச் சின்னப்பிள்ளை லாயக்கில்லை என்று சலிப்பு. உணவறை சேர்ந்ததும் அவருக்குப் பிடித்த மாதிரி உட்காரவைத்து, அவருடைய சட்டைக் கைகளை அவர் சொல்கிற மாதிரியே மடித்துவிட வேண்டும். இவ்வளவும் கேட்டுச் செய்த வேலை. அதன்பின் தெரேசம்மாள் போய்விடலாம், கடமை தீர்ந்தது.

ஆனால் அவள் ஒன்றைக் கவனித்தாள். முடங்கிய விரல்களால் அப்பத்தைப் பிட்டுக் கிண்ணத்தில் போட அந்த அம்மாள் படாத பாடுபட்டார். அதைச் செய் என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு மனமில்லாமலும் இருந்திருக்கலாம். வயதானவர்களுக்கு அந்த வைராக்கியம் உண்டு. தெரேசம்மாள் அன்றுமுதல் அப்பத்தைத் துண்டாக்கி வைத்துவிட்டு, ஒரு புன்னகை செய்துவிட்டுத்தான் அவ்விடம்விட்டுப் போனாள். அந்த அம்மாளின் மனம் அவளிடம் திரும்பியது இதனால்தான். கச்சையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனதற்காக அல்ல. கேட்காத அப்பத்தைப் பிட்டுக்கொடுத்ததற்காக. இதைத் தன் கடைசி மாதங்களில், நோயோடு போராடிக்கொண்டே அவள் எழுதினாள். எழுதுவதற்கு அவளுக்குத் தரிசனங்களும் பரவசங்களும் இல்லை. அப்பத்துண்டுதான் இருந்தது.

இன்னொரு சகோதரியைப் பற்றியும் எழுதுகிறாள். அவருடைய பேச்சு, நடை, குணம் எதுவுமே தெரேசம்மாளுக்குப் பிடிக்காது. பிடிக்காதவரை நாம் என்ன செய்வோம்? வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். திருப்பலியில் சமாதானம் சொல்லும்போதுகூட அவருக்கு நேரெதிர்ப் பக்கம் பார்த்துக் கைகுவிப்போம். இவளோ, மிகவும் நேசிக்கிற ஒருவருக்கு என்ன செய்வோமோ அதையே அவருக்குச் செய்வது என்று தீர்மானித்தாள். வலியப்போய் உதவினாள், அவருக்காகச் செபித்தாள். சுடுசொல் வாய்வரை வந்தால் சிரித்துப் பேச்சை மாற்றினாள். அதுவும் முடியாதபோது, போர்க்களத்தைவிட்டு ஓடுகிற சிப்பாய்மாதிரி அந்த இடத்தைவிட்டே ஓடிவிடுவாளாம். ஒருநாள் அந்தச் சகோதரியே மகிழ்ச்சியோடு, என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது, என்னைக் காணும்போதெல்லாம் சிரிக்கிறாயே என்று கேட்டாராம்!

இது வேடமல்லவா, உள்ளொன்று புறமொன்று அல்லவா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். வேடம் போடுகிறவன் ஏதோ லாபத்துக்காகப் போடுகிறான். இவளுக்கு என்ன லாபம்? மனம் இளகட்டும், பிறகு அன்பு செய்யலாம் என்று காத்திருந்தால் சிலரிடம் நம் மனம் சாகும்வரை இளகாது. கையை முதலில் அனுப்பினால் மனம் பின்னாலே வரும். வராவிட்டாலும், அந்த மனிதருக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது.

நம் வீடுகளுக்கு வருவோம். மடத்தைவிட வீடு கடினம். அங்கே மௌன நேரம் உண்டு, இங்கே அதுவும் இல்லை. பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் மீன்குழம்பு வைத்தால் நடுத்துண்டு யாருக்குப் போகிறது, தலையும் வாலும் யாருக்கு மிஞ்சுகின்றன? சமைத்தவருக்குத் தலைதான் பிடிக்கும் என்று வீடே நம்பிக்கொண்டிருக்கும். ஒருநாளும் அவரைக் கேட்டிருக்க மாட்டோம். ஒரு நடுத்துண்டை முதலிலேயே எடுத்து மூடிவைப்பதற்குப் பணம் வேண்டாம், தியாகம்கூட வேண்டாம். கடைசியாகச் சாப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற ஞாபகம் வேண்டும்.

சாவு வீட்டுக்கு எல்லாரும் போகிறோம். நம் பங்கில் அந்தக் குறை இல்லை. அடக்கம் வரை கூட்டம் குறையாது. கூட்டம் எப்போது கலைகிறது? மூன்றாம் நாளோ எட்டாம் நாளோ. துக்கம் உண்மையில் அதன்பின்தான் உள்ளே நுழைகிறது. பத்தாம் நாள் மாலை விளக்கேற்றும் நேரத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர் யார்? ஒன்றும் பேச வேண்டாம். இறந்தவருடைய பெயரை ஒருமுறை சொன்னால் போதும். மற்றதை அவர்களே பேசுவார்கள். நாளைக் குறித்துவைத்துக்கொண்டு போக வேண்டும். தற்செயலாக நடக்காது.

அரசு மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிப்போகிறோம். நோயாளி அதைச் சாப்பிடப்போவதில்லை. கட்டிலுக்குக் கீழே பாய்விரித்துப் படுத்திருக்கும் துணையாள், நாலு நாளாகச் சரியாகக் குளிக்கவில்லை, உறங்கவில்லை. "நான் இரண்டு மணிநேரம் இங்கே இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா" என்று சொல்வதுதான் அந்தச் சுமைதாங்கியின் சரியான உயரம்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, தனியாக இருக்கும் முதியவர்கள் இன்று நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை இயந்திரத்தில் விரலை வைக்கிறார்கள். வயல்வேலையிலும் வலைவேலையிலும் தேய்ந்த விரல், ரேகை பதியவில்லை. மறுபடி வை, துடைத்து வை என்று கடைக்காரர் சொல்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். வங்கியில் படிவத்தை நீட்டி, "தம்பி, கண்ணாடி எடுத்துவரல" என்கிறார் ஒரு பெரியவர். கண்ணாடி பையில்தான் இருக்கும், எழுதத் தெரியாது. நிரப்பிக்கொடுக்கிற தம்பி, "எனக்கும் கண்ணாடி இல்லாட்டி கஷ்டம்தான் தாத்தா" என்று சொல்லிக்கொண்டே நிரப்பினால், அவன் படிவத்தை நிரப்பியதோடு அவருடைய மரியாதையையும் காப்பாற்றினான். "எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நிரப்பினால் உதவியும் செய்தான், அடித்தும் விட்டான்.

சோற்றுப் பொட்டலம் கொடுக்கும்போது, வாங்குகிறவர் முகம் தெரியக் கைப்பேசியில் படம் பிடிப்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

சொல்லாமல் விடமுடியாத ஒன்று இருக்கிறது. பங்குத்தந்தையின் அனுமதியோடு சொல்கிறேன். நெல்லைச் சீமையிலே வடக்கன்குளத்தில் நம் சபையின் கோவிலுக்குள்ளேயே மக்களைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்த சுவர் ஒன்று இருந்தது. 1910இல் அதை இடித்தார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்தன; சுவர் திரும்ப எழவில்லை. கற்சுவரை ஒரு தலைமுறையில் இடிக்கலாம். தம்ளரை என்ன செய்வது? வீட்டு வேலைக்கும் தோட்டவேலைக்கும் வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கிறோம். நல்ல காப்பிதான், சில வீடுகளில் பலகாரமும் உண்டு. எந்தத் தம்ளரில்? கழுவிக் கவிழ்த்து எங்கே வைக்கிறோம்? கொடுத்த காப்பி வயிற்றுக்குப் போகிறது. தனித் தம்ளர் நெஞ்சுக்குப் போகிறது. அந்தக் காப்பியைப் பிறரன்புக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

சமாரியப் பெண்ணிடம் இயேசு என்ன செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். யூதர் சமாரியரோடு புழங்காத காலம். அவள் கொண்டுவந்த பாத்திரத்திலிருந்து அவர் தண்ணீர் கேட்டார். கொடுக்கவில்லை, கேட்டார். அவளுக்கே அது அதிசயமாக இருந்தது. சில இடங்களில் கொடுப்பதைவிட வாங்கிக் குடிப்பதே பெரிய பிறரன்பு. நம் பங்கில் எல்லாத் தெருக்களிலிருந்தும் மக்கள் வந்து ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறோம். எத்தனை தெருக்களில், எத்தனை வீடுகளில் நாம் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம்? யூபிலி ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் இதுவரை போகாத ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தால், அதைவிட நல்ல யூபிலி நினைவுச்சின்னம் எனக்குத் தோன்றவில்லை.

இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களைப் பேசிப் பேசியே பெரிய அநியாயங்களை மறந்துவிடுகிறோம் என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் வாதாடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக்கொடுப்பது பிறரன்பு ஆகாது. முதலில் கூலி, பிறகுதான் சேலை. ஆனால் நியாயத்துக்காகப் போராடுகிற மனிதரும் மாலையில் ஒரு வீட்டுக்குத் திரும்புகிறார். அங்கே ஒருவர் அவருக்காக உலைவைத்துக் காத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டுவிட்டு அவரை ஒரு வார்த்தை கேட்காமல் படுத்துவிடுகிற பெரிய மனிதர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

நேரமாகிவிட்டது, பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். மணற்கடிகாரத்தை ஆட்டுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். விழா நாளன்று மதியம் கோவில் வளாகத்தில் அசனம் நடக்கப்போகிறது. பெரிய அண்டாக்களைக் கழுவுவதற்குச் சமையல் கொட்டகைக்குப் பின்னாலுள்ள குழாயடியைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறோம். அங்கே விளக்குக் கிடையாது. கழுவி முடிக்க இரவு எட்டு, ஒன்பது மணி ஆகும். வேலை செய்கிறவர்கள் சாப்பிட வரும்போது போன வருடத் திருவிழாவில் குழம்பில் வெறும் சாறுதான் இருந்தது என்று கேள்விப்பட்டேன். கொட்டகையிலிருந்து ஒரு வயரை இழுத்துக் குழாயடியில் விளக்குக் கட்ட வேண்டும்; அவர்களுக்கு உரிய சோற்றையும் கறியையும் முதல் பந்திக்கு முன்பே தனிப்பானையில் எடுத்து மூடிவைக்க வேண்டும்; கழுவுவதற்கும் நாலு ஆண்பிள்ளைகள் தேவை. கதவோரம் நிற்கிற தம்பிமார் கூட்டம் முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.